இருநூற்றுப் பதினான்காம் வில்லை

தார்த்து நகர நாடக அரங்கில்
கோட்டு வாங்கி மாட்டுகிறவள் நான்.
பத்தொன்பது குளிர்காலம்.
ஒரு நாடகமும் முழுதாய்ப் பார்த்ததில்லை,
சுவர் வழியே கேட்டதோடு சரி.
மூன்றாம் அங்கத்தில் ஆற்றுப் பனி உடையும்
(திரைக்குப் பின்னால் ஒருவன் தகரத்தை மிதிக்கிறான்),
பிறகு அவள் கத்துவாள்,
பிறகு இருமல்கூட இல்லாத அமைதி.

பழைய கதைதான்.
உப்பு வணிகன் மகள், பதினைந்து வயது.
வரி தண்டுபவன் மகன், ஒரு வயது மூப்பு.
வீடுகளுக்குள் பகை. ஐந்து இரவுப் பழக்கம்.
உறைந்த ஆற்றைக் கடந்து வருகிறான்;
பனி பிளக்கிறது;
விளக்கைக் கரையில் வைத்துவிட்டு
அவளும் இறங்குகிறாள்.
ஐந்து இரவு!
என் வீட்டுக் குளிர்பெட்டியில்
அதைவிடப் பழைய பால் இருக்கிறது.

தீர்ப்பு எப்போதும் என் மேசை முன்னால்தான்.
ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்தபடி
பல் மருத்துவர் சொல்வார்:
"பிஞ்சிலே பழுத்தது. இதுக்குப் பேர் காதலா?"
அவர் மனைவி:
"பிழைச்சிருந்தா அடுத்த மாசமே சண்டை."
உயிரையே கொடுத்தார்களே என்பார் ஒரு தாடிக்காரர்.
கொடுத்துவிட்டால் உண்மையாகிவிடுமா என்பார் இன்னொருவர்.
அதற்குள் மற்றக் கையும் உள்ளே போய்விடும்.
கதவைத் திறந்தால் குளிர்.
வழக்கு தள்ளுபடி.

எனக்கும் எல்மாருக்கும் முப்பத்தொரு வருடம் ஆகிறது.
விறகு விலை பேசுகிறோம்.
என் காலுறையை மாற்றிப் போட்டுக்கொண்டு
அவன் வேலைக்குப் போகிறான்.
எங்களை யாரும் கேட்டதில்லை,
வில்லை எங்கே, காட்டு என்று.
செத்த பிள்ளைகளிடம்தான் கேட்கிறார்கள்.

அந்த ஜனவரி ராத்திரி
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர், ஈர நாய்களின் வாசனையோடு.
கடைசியாக இரண்டு பேர்
இரண்டு கோட்டை ஒன்றாய்த் தள்ளினார்கள்.
"ஒரே கொக்கி போதும்."
கொக்கி தாங்காது என்றேன்.
தாங்கும் என்றாள்.
காலரில் அம்மா தைத்த துணித்துண்டு: மிர்தெல்.
பையனின் கோட்டில் பெயரில்லை,
ஒரு பொத்தானும் இல்லை.

நாடகம் விட்டதும் அவன் வில்லையைத் தொலைத்திருந்தான்.
எல்லோரும் போகும்வரை நிற்கவேண்டும், விதி அது.
நின்றார்கள்.
பல் மருத்துவர் பேசியதை, தாடிக்காரர் பேசியதை
ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு.
அவள் கண் சிவந்திருந்தது.
அவன் சுவரில் தீயணைப்பு விதிகளைப் படித்தான்,
மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

கடைசியில் ஒரே ஒரு கொக்கி மிச்சம்.
எடுக்கப் போனால் வரவில்லை.
ஒன்றின் கைக்குள் மற்றதன் கை புகுந்திருந்தது.
சத்தியமாய் நான் செய்ததில்லை.
அவசரத்தில் அப்படி மாட்டியிருப்பேனோ, தெரியாது.

ஏப்ரலில் அவள் தனியாக வந்தாள்,
ஒரு சிரிப்பு நாடகத்துக்கு.
மெல்லிய மழைக்கோட்டு. தன் வில்லையைத் தானே வாங்கினாள்.
அவன் எங்கே என்று நான் கேட்கவில்லை.
இடைவேளையில் நன்றாகச் சிரித்தாள்.

பார்த்தீர்களா என்பார் பல் மருத்துவர்.
பார்த்தேன்.
நாடகத்துப் பெண்ணுக்கு ஏப்ரல் எழுதப்படவில்லை,
அவ்வளவுதானே வித்தியாசம்?
ஜனவரியை ஏப்ரல் வந்து
பொய் என்று சொல்ல முடியுமா?
எனக்குத் தெரியவில்லை. என் வேலை கோட்டு.

கோடையில் இருக்கைகளைக் கழற்றித் துடைத்தபோது
ஒன்பதாம் வரிசையில் அகப்பட்டது 214.
மர வில்லை.
ஓரத்தில் பல் தடம், ஆழமாக,
மேலே நான்கு, கீழே மூன்று.
பனி உடையும்போது கடித்திருக்கிறான்,
சத்தம் வெளியே வராமல்.

புது வில்லை செய்து எண் எழுதிவிட்டேன்.
பழையதை மேசைக்கு அடியில்
ஒரு ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
யாராவது வாதம் தொடங்கும்போது
கை அதைத் தொட்டுப் பார்க்கிறது.
அடுத்தவர், எண் என்ன?